மகன் பேரில் கொடுத்த ரத்தம்

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். பெரியவர் சொன்ன பொய்க்குக் கால் இருந்தது. வீட்டு வாசலில் கிளம்பி, நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், அங்கே இருக்கிற மெஷினில் ஏறி இறங்கி, இன்று காலை போனில் திரும்பி வந்துவிட்டது.

"குழந்தையோட அம்மா கொஞ்சம் வர முடியுமா? நீங்க மட்டும் வந்தா போதும்" என்றாள் போனில் டாக்டரம்மா.

'மட்டும்' என்று காதில் விழுந்ததுமே பெரியவர் செருப்பை மாட்டினார்.

"நீங்க எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்றாள் மருமகள்.

"மட்டும்னு ஒருத்தர் சொன்னா, ஏதோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். நான் வராம இருப்பேனா?"

"நானும்!" என்று வாண்டு குதித்தாள். அன்று பள்ளி விடுமுறை. அவளை வீட்டில் தனியாக விடவும் முடியாது.

மறைத்தது யார் என்பது அவருக்கும் அவர் மகனுக்கும்தான் தெரியும். நமக்காக ஒரு வார்த்தை.

வாண்டு பெரியவரின் ஒரே பேத்தி. கைக்குழந்தையிலிருந்து வலிப்பு. காய்ச்சல் வந்தால் வரும். தூக்கம் கெட்டால் வரும். சில நாள் காரணமே சொல்லாமல் வரும். மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்று தூங்க வைத்தது, ஒன்று வாந்தி எடுக்க வைத்தது, வலிப்பை எதுவும் முழுசாக நிறுத்தவில்லை.

போன வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தார் அவளிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கினார்கள். அந்த ரத்தத்து அணுக்களைப் பின்னோக்கி நடத்தி, இன்னும் எந்த வேலையும் கற்றுக்கொள்ளாத பச்சைப்பிள்ளை அணுக்களாக ஆக்கினார்கள். ஸ்டெம் செல் என்பது அதைத்தான். பிறகு அவற்றை மூளை நரம்பு அணுக்களாக வளர்த்தார்கள். குழந்தையின் மண்டையைத் தொடாமல் அவள் மூளை அணு எப்படித் துடிக்கிறது என்று தட்டில் பார்க்கலாம். மருந்தையும் முதலில் தட்டில் விட்டுப் பார்க்கலாம். யோசனை நல்ல யோசனைதான்.

அடுத்ததாக அப்பா ரத்தமும் அம்மா ரத்தமும் கேட்டார்கள். மருமகள் கூடத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு, அப்படியே மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மகன்தான் மாட்டிக்கொண்டான். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், அதனால் மலை என்று பெயர். லிப்ட் மெக்கானிக். எத்தனை மாடியானாலும் கம்பியில் தொங்குவான். ஊசியைப் பார்த்தால் மட்டும் சாய்ந்துவிடுவான். அவனுக்கு வேலை ஒழிகிற நாளாகப் பார்த்து, ரத்தம் எடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். அவன் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"குழந்தையோட அப்பா யாருங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான்தான்" என்று கையை நீட்டினார் பெரியவர்.

அவள் அவருடைய நரையை ஒரு தரம் பார்த்தாள்.

"கல்யாணம் கொஞ்சம் லேட்டு" என்றார்.

மகன் மேல் பாசம் பாதி. ஆராய்ச்சி மேல் சந்தேகம் மீதி. எந்த ரத்தத்தைக் கொடுத்தாலும் அவர்கள் எழுதுவதைத்தான் எழுதப் போகிறார்கள், இதில் எவன் ரத்தமானால் என்ன என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது.

*

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பெரியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பின்னால் வருகிறவனை நம்பாதே, முன்னால் போகிறவனை அதைவிட நம்பாதே என்று ஸ்டியரிங்கில் பாடம் படித்தவர். இந்த டிரைவர் கிளட்சை மிதித்தே கொல்கிறான் என்று கூட அவருக்கு அன்று சொல்லத் தோன்றவில்லை.

"மாமா, கெட்ட சேதியா இருக்குமோ?"

"ஒண்ணும் இருக்காது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மா மருமகளை மட்டும் ஒரு கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பெரியவரையும் வாண்டையும் வெளியே ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். தட்டில் வளர்கிற அணுக்களுக்குச் சாப்பாடு போடுவதுதான் அவள் வேலை. ரோஸ் நிறத் தண்ணீர். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை விட வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமையும் பசிக்குமாக்கா?" என்றாள் வாண்டு.

"ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்பப் பசிக்கும். நான் என் தங்கச்சி கல்யாணத்துல பாதியில எழுந்து வந்து இதுங்களுக்குப் போட்டிருக்கேன்."

"இதுல எது நானு?"

அந்தப் பெண் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்துக் கருவியில் பொருத்தினாள். தட்டின் அடியில் பொடிப் பொடியாக உலோகப் புள்ளிகள். அணு துடித்தால் புள்ளி சொல்லும்; திரையில் வெளிச்சம் வரும்.

"முதல்ல வேற யாரோடதோ பாரு. வலிப்பு இல்லாதவங்களோடது."

திரையில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று புள்ளிகள் மின்னின. தூறல் போடுகிற மாதிரி இருந்தது.

"இப்போ உன்னோடது."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று திரை முழுக்க ஒரே நேரத்தில் பளீர் என்றது. அணைந்தது. மறுபடி பளீர்.

"எல்லாரும் சேர்ந்து கை தட்டறாங்க!" என்று சிரித்தாள் வாண்டு.

"அதேதான் கண்ணு. எல்லாம் ஒண்ணாக் கத்தும்போதுதான் உனக்கு வலிப்பு வருது. இதுங்களை முறை வெச்சுப் பேச வைக்கறதுக்குத்தான் நாங்க பாடுபடறோம்."

பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல, மருமகள் முதலில் புரியாமல் தலையை ஆட்டினாள். பிறகு நிமிர்ந்தாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள். கண்ணாடியைத் தாண்டிக் குரல் கேட்டது.

"யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?"

அதற்கு மேல் பெரியவருக்கு உட்கார முடியவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"ஐயா, கொஞ்சம் வெளியில..." என்று எழுந்தாள் டாக்டரம்மா.

"இருக்கட்டும், அவரும் கேக்கட்டும்" என்றாள் மருமகள். முகம் சிவந்திருந்தது. "குழந்தைகிட்ட பாதி அப்பா, பாதி அம்மா இருக்கணுமாம் மாமா. உங்க மகன் குடுத்த ரத்தத்துல பாதி ஒத்துப்போகலையாம். கால்வாசிதான் வருதாம். அதனால அவர் இவளுக்கு..." அவளால் முடிக்க முடியவில்லை.

"நான் அப்படிச் சொல்லலைங்க" என்றாள் டாக்டரம்மா அவசரமாக. "ரத்தம் மாறியிருக்கலாம்னுதான் சொன்னேன். எடுத்தது உங்க வீட்டுக்காரர்கிட்டதானான்னு கேட்டேன்."

"அவர் கையில ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நானே பார்த்தேன்!"

"அது என் ரத்தம்" என்றார் பெரியவர்.

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் குடுத்தேன். அவன் குளியலறையில இருந்தான். பிளாஸ்திரியும் என்னோடதுதான். பிய்ச்சு அவன் கையில ஒட்டினேன்."

மருமகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கை வலிக்கும்னு ரெண்டு நாள் நான் அவரை ஒரு வேலையும் செய்ய விடல. பழத்தைப் பிழிஞ்சு பிழிஞ்சு ஜூஸ் போட்டுக் குடுத்தேன்!"

"நியாயமா பாதி எனக்குக் குடுத்துட்டான்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க" என்றார் பெரியவர். "இதுல என்ன தப்பு? என் ரத்தம்தானே அவன் உடம்புல ஓடுது? தொட்டியில பிடிச்சா என்ன, குழாய்ல பிடிச்சா என்ன, தண்ணி ஒண்ணுதானே?"

"அந்தக் குழாய்ல அவரோட அம்மா தண்ணியும் கலந்து வருதே ஐயா" என்றாள் டாக்டரம்மா.

பெரியவர் அதை யோசிக்கவில்லை. செத்துப்போன தன் பெண்டாட்டிக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்போ என்ன ஆகும்?" என்றாள் மருமகள். அவள் கோபத்தை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையிடம் வந்துவிட்டாள். அது அவள் குணம்.

டாக்டரம்மா விளக்கினாள். மனுஷ உடம்பு என்பது பெரிய புத்தகம் மாதிரி. எல்லார் புத்தகத்திலும் எழுத்துப் பிழை உண்டு. வாண்டின் புத்தகத்தில் எந்தப் பிழையால் வலிப்பு வருகிறது என்று கண்டுபிடிக்க அப்பா, அம்மா புத்தகம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால், தட்டில் இருக்கிற அவள் அணுவில் அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்தலாம். கைதட்டல் நின்றால், குற்றவாளி அதுதான். அதற்கேற்ற மருந்தைத் தேடலாம்.

"முழுப் புத்தகத்தையும் படிக்கறதுக்கு இன்னிக்குச் சாயங்காலம் எல்லா ரத்தமும் போகுது. அடுத்தது எப்போன்னு எங்களுக்கே தெரியாது. வெளியில நிறைய குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அப்பா ரத்தம் இல்லேன்னா இவ தட்டை ஓரமா வெச்சுட்டு அடுத்த குழந்தைக்குப் போகணும்."

பெரியவர் தன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எவன் ரத்தமானால் என்ன என்று நினைத்தோமே, அதற்குப் பேத்தியின் தட்டு விலையா?

"எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லி அவனைக் கூப்பிடு. பறந்து வருவான்" என்றார்.

மருமகள் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். "ஒரு பொய்க்கே நான் இங்க நின்னு பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு மாமா. இன்னொண்ணு வேண்டாம்."

உள்ளதை உள்ளபடி போனில் சொன்னாள். மறுமுனையில் மலை, லிப்ட் நடு வழியில் நிற்கிறது, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது என்றான்.

"யாரு மாட்டியிருக்காங்க?"

"...நான்தான்."

வாண்டு போனைப் பிடுங்கினாள். "அப்பா, என் குட்டிங்க எல்லாம் ஒண்ணாக் கத்துதுங்க. நீ வந்தாதான் அடங்குமாம். ஊசி போடும்போது உன் கண்ணை நான் பொத்திக்கறேன். எனக்கு நீ பொத்துவியே, அது மாதிரி."

அதற்கு மேல் ஒரு தகப்பன் லிப்டில் மாட்டிக்கொண்டிருக்க முடியுமா?

*

இடுப்பில் வார்ப்பட்டையும் ஸ்பேனருமாக, கிரீஸ் கையோடு வந்து நின்றான் மலை. அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே!"

"நான் எங்கடா சொன்னேன், என் ரத்தம் சொல்லிடுச்சு."

"ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள் மருமகள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மலையைப் படுக்க வைத்தார்கள். படுக்கை அவனுக்கு ஒரு சாண் குறைந்தது. வாண்டு தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்தினாள். மருமகள் அவன் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நசுங்கியது அவள் முகத்தில் தெரிந்தது.

"மூச்சு விடுங்க" என்றாள் ரத்தம் எடுக்கிற பெண். போன தடவை ஏமாந்தவள் அவள்தான். "பேரைச் சொல்லுங்க. வயசைச் சொல்லுங்க. குழந்தை உங்களுக்கு என்ன வேணும்?"

"பொண்ணு! என் பொண்ணு! சீக்கிரம் எடும்மா!"

"எடுத்தாச்சே."

"எடுத்தாச்சா?" வாண்டு கையை எடுக்க, மலை கண்ணைத் திறந்தான். குழாயில் சிவப்பாக நின்றதைப் பார்த்தான். "இது என்னோடதா?" என்றான். அப்புறம்தான் மயங்கினான்.

"அப்பா ஜெயிச்சுட்டாரு! குடுத்துட்டுதான் விழுந்தாரு!" என்று கை தட்டினாள் வாண்டு.

குழாயைப் பெட்டியில் வைத்து மூடி, மற்ற குழந்தைகளின் ரத்தத்தோடு சேர்த்துக்கொண்டு போனார்கள். வாண்டின் தட்டு ஓரத்துக்குப் போகவில்லை. பெரியவர் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டுகிற வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நம்பிக்கை வந்தாலும் பழக்கம் போகாது.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா அவருக்காகக் காத்திருந்தாள்.

"ஐயா, உங்க ரத்தத்தை உங்க மகனோடதுன்னு நினைச்சு, சந்தேகமான சில பக்கங்களை மட்டும் நாங்க ஏற்கெனவே படிச்சுட்டோம். அதுல ஒண்ணு பார்த்தேன். சொல்லலாமா? வேண்டாம்னாலும் சரி."

"எனக்கு என்ன பயம்? இங்கேயே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"குழந்தைகிட்ட நாங்க சந்தேகப்படற பிழை ஒண்ணு இருக்கு. நரம்பு அணுவோட வாசல் கதவு மாதிரி ஒரு இடம். அந்த எழுத்து உங்ககிட்டயும் அப்படியே இருக்கு."

 குழந்தைக்கு முதல் வலிப்பு வந்த நாளிலிருந்து, "எங்க பரம்பரையில கிடையாது, உங்க பக்கம் யாருக்காவது இருக்கும், கேட்டுப் பாரு" என்று மருமகளிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பு ஏறியவர் அவர். மருமகள் இப்போது அவரைப் பார்க்கவில்லை. மயக்கம் தெளிந்துகொண்டிருந்த புருஷனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருந்ததுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

"உங்களுக்குச் சின்ன வயசுல எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல. வந்தா எனக்குத் தெரியாதா?"

"ரொம்பச் சின்னதுல வந்திருந்தா தெரியாது. கேக்கறதுக்கு யாராவது இருக்காங்களா?"

ஒருத்தி இருந்தாள். அவருடைய அக்கா, வேறு ஊரில். பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆயிற்று. "உன் பஸ்ல ஏறினா வாந்திதான் வரும்" என்று நாலு பேர் முன்னால் அவள் சொல்ல, வந்த கோபத்தை இவர் இறக்கி வைக்கவே இல்லை.

மருமகள் போனை எடுத்தாள். அவளிடம் அந்த எண் இருந்தது. அடிக்கடி பேசுவாள் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"உயிரோடதான் இருக்கியா? என்ன வேணும் சொல்லு, அடுப்புல வேலை இருக்கு."

"எனக்குக் குழந்தையில வலிப்பு ஏதாவது வந்துச்சா?"

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

"வந்துச்சு. காய்ச்சல் அடிச்சாப் போதும், கட்டை மாதிரி விறைச்சுக்குவ. பள்ளிக்கூடம் போற வயசுல தானா நின்னுடுச்சு. உன் மகனுக்கும் அதே மாதிரிதான்."

மலை படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்.

"என் மகனுக்கா?" என்றார் பெரியவர். "எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீ வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போயிட்ட. உன் பொண்டாட்டியும் நானும்தான் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கிட்டோம். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவ என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினா. சொன்னா உடனே 'உன் பக்கத்து வியாதி'ன்னு ஆரம்பிச்சுடுவியாம்."

 மருமகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவளுக்கு அத்தனை உரிமையும் இருந்தது. அவள் போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"அப்போ இவங்க ரெண்டு பேருக்கும் தானா நின்னுடுச்சு, இவளுக்கு மட்டும் ஏன் நிக்கலங்க?"

டாக்டரம்மாவின் கண் பெரிதாகியிருந்தது. "அதைத்தான் நான் கேக்கணும். ஒரே பிழை. இவருக்கு அடங்கிப்போச்சு, இவளுக்கு அடங்கல. எது அடக்குச்சு? ஐயா, உங்க ரத்தத்துல இருந்தும் நரம்பு அணு வளர்த்து, இவ தட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாமா? ஆறேழு மாசம் ஆகும். பதில் கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் பண்றேன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

"தாத்தாவும் என் பக்கத்துல!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள் வாண்டு. "ஞாயிற்றுக்கிழமை உனக்கும் ரோஸ் தண்ணி!"

"இவர் பேரை ஒழுங்கா இவர் பேராவே போட்டுக்குங்க" என்றாள் மருமகள். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது.

போன் இன்னும் அணையவில்லை. "யாருக்கு ரத்தம்? எதுக்கு ரத்தம்?" என்று அக்கா அதிலிருந்து கத்தினாள். "அந்தப் பிழையோ என்னவோ, அது எனக்கும் இருக்கும்ல? இரு, நான் கிளம்பி வரேன். ஒரு மாசம் தங்கற மாதிரி வரேன்."

"அதெல்லாம் வேண்டாம்..." என்று பெரியவர் ஆரம்பிப்பதற்குள், "வாங்க பெரியம்மா, உடனே வாங்க" என்றாள் மருமகள்.

ரத்தம் எடுக்கிற பெண் ஊசியோடு வந்தாள். "கல்யாணம் லேட்டுன்னு சொன்னவர்தானே நீங்க?" என்றாள். பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. யாரும் பொத்த வேண்டாம் என்றுவிட்டார்.

குழாய் நிறைந்துகொண்டிருந்தபோது வாண்டு அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வலிக்குதா தாத்தா?"

"ஊசி வலிக்கலடி" என்றார் அவர், மருமகளைப் பார்த்துக்கொண்டே.